மூன்று வயது, எட்டு வயது, பதின்மூன்று வயது: எல்லாரையும் கூட்டிக்கொண்டு சென்னையில் தீம் பார்க் போவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லீவு விட்டதும் இரண்டு மூன்று சொந்தக்காரக் குடும்பங்கள் சேர்ந்து கிளம்புவது நம் ஊர் வழக்கம். பிள்ளைகள் எல்லாம் ஒரே வயது என்றால் கவலையில்லை. இடுப்பில் ஒன்று, கையைப் பிடித்தபடி ஒன்று, கையைப் பிடிக்கவே விடாத ஒன்று என்று போகும்போதுதான் மதியத்துக்குள் யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். கிளம்புவதற்கு முன் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் வரும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

எந்தப் பூங்காவுக்குப் போவது என்பதைச் சின்னவனைப் பார்த்து முடிவு செய்வதா, பெரியவளைப் பார்த்தா?

இரண்டுமில்லை. கூட வரும் பெரியவர்கள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணுங்கள். மூன்று வயதுக்காரனோடு ஒருவர், எட்டு வயதுக்காரனோடு ஒருவர், பதின்மூன்று வயதுக்காரியோடு வரிசையில் நிற்க ஒருவர் என்று ஆள் இருந்தால் பெரிய பூங்காவுக்கே போகலாம். அப்பா அம்மா இருவர் மட்டும், பிள்ளைகள் மூன்று என்றால் சின்ன இடமாகப் பாருங்கள். அங்கே ரைடுகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். நடக்கிற தூரம் குறைந்தாலே பாதிச் சண்டை குறையும்.

சரி, இடங்களுக்கு வருவோம். ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் விஜிபி யுனிவர்சல் கிங்டம். அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்க வைக்கப் பார்த்துத் தோற்ற தலைமுறைக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பக்கத்திலேயே விஜிபி மரைன் கிங்டம் மீன் காட்சியகம். அதற்குத் தனி டிக்கெட். கண்ணாடிச் சுரங்கத்துக்குள் நடந்தால் தலைக்கு மேலே மீன்கள் போகும். ராட்டினத்தைக் கண்டாலே அழுகிற சின்னக் குழந்தைக்கு இது நல்ல மாற்று. இன்னும் கொஞ்சம் தெற்கே, முட்டுக்காடு பக்கம் எம்ஜிஎம் டிஸ்ஸி வேர்ல்டு. பெங்களூர் நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கம் அருகே குயின்ஸ்லாந்து. அம்பத்தூர், போரூர், பூந்தமல்லி பக்கம் இருப்பவர்களுக்கு அதுதான் கிட்டே.

2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லா திறந்தது. அங்கே இருக்கும் தஞ்சோரா என்ற ரோலர் கோஸ்டரில் தண்டவாளம் தலைக்கு மேலே போகும், கால்கள் அந்தரத்தில் தொங்கும். பதின்ம வயதுப் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். ஆனால் பரப்பு பெரியது. சின்னக் குழந்தையோடு போனால் தள்ளுவண்டி இல்லாமல் சமாளிப்பது கஷ்டம்.

ரைடில் ஏற்றுவது வயதைப் பார்த்தா, உயரத்தைப் பார்த்தா?

உயரம். பல பூங்காக்களில் குழந்தை டிக்கெட்டா பெரியவர் டிக்கெட்டா என்பதும் உயரக் கணக்குதான். பிறந்த தேதியை யாரும் கேட்பதில்லை, நுழைவாயிலில் அளவுக்கோடு போட்டிருப்பார்கள். உள்ளே ஒவ்வொரு ரைடுக்கும் தனி அளவு. நடுத்தர ரைடுகளுக்கு 120 செ.மீ., வேகமானவற்றுக்கு 140 செ.மீ. என்பது பரவலாகக் காணும் எல்லைகள். எட்டு வயதுப் பிள்ளை பெரும்பாலும் அந்த 120-ஐ ஒட்டித்தான் நிற்கும். அழுகை தொடங்குவதும் அங்கேதான்.

அதனால் முதல் நாளே வீட்டுச் சுவரில் நிற்க வைத்து அளந்துவிடுங்கள். செருப்பு, ஷூ எதுவும் வேண்டாம், தலைமுடியையும் அழுத்திப் பிடியுங்கள். பூங்காவின் இணையதளத்தில் எந்த ரைடுக்கு எவ்வளவு உயரம் என்று பார்த்து, பிள்ளையின் கண் முன்னாலேயே பட்டியல் எழுதுங்கள்: இதெல்லாம் உனக்கு உண்டு, இது அடுத்த வருஷம். வீட்டில் கேட்கும் ‘இல்லை’யை ஏற்றுக்கொள்கிற பிள்ளை, முக்கால் மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு கேட்கும் ‘இல்லை’யை ஏற்காது. அதைக் குறை சொல்லவும் முடியாது.

ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தானே என்று ரைடு இயக்குபவரிடம் கெஞ்சாதீர்கள். அந்த அளவு, பாதுகாப்புக் கம்பி உடம்பில் எந்த இடத்தில் அழுத்தும் என்பதை வைத்துப் போட்டது. குட்டையான பிள்ளை கம்பிக்குக் கீழே நழுவிவிடலாம். “அண்ணா, இந்த ஒரு தடவை மட்டும்” என்று கேட்கிற விஷயமே இல்லை இது.

எந்த மாதம், எந்தக் கிழமை நல்லது?

மே 4 முதல் 28 வரை அக்னி நட்சத்திரம். அந்த வெயிலில் மூன்று வயதுக் குழந்தையை மதியம் வெளியே வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கோடை விடுமுறையில்தான் முடியும் என்றால் ஜூன் முதல் வாரத்துக்குக் காத்திருக்காமல் ஏப்ரல் கடைசியிலேயே போய்விடுங்கள், கூட்டமாவது குறைவாக இருக்கும். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தூறலில் ரைடு ஓடலாம், இடி மின்னல் என்றால் உயரமான எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். டிக்கெட் எடுக்கும் முன் அன்றைய வானிலை அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

ஜனவரி, பிப்ரவரி அருமையான காலம். ஒரே சிக்கல், பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகளும் அப்போதுதான் வரும். வார நாள், கூட்டமிருக்காது என்று நம்பிப் போனால் ஒரே சீருடையில் நூறு பிள்ளைகள் உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள். முதல் நாள் பூங்காவுக்கு போன் செய்து, நாளைக்குப் பள்ளிக் குழுக்கள் வருகின்றனவா என்று கேளுங்கள். சொல்லுவார்கள்.

காணும் பொங்கலன்று மட்டும் வேண்டாம். அன்றைக்கு ஊரே வெளியில்தான் இருக்கும்.

உள்ளே போனபின் எல்லாரும் ஒன்றாகவே இருப்பதா, பிரிந்துவிடுவதா?

பிரிந்துவிடுங்கள். குடும்பமாக வந்தோம், சேர்ந்தே சுற்றுவோம் என்கிற பாசம்தான் இந்த நாளைக் கெடுக்கிறது. ஒன்பது பேர் ஒன்றாக நகர்ந்தால் ஒருவர் ரைடில் ஏற எட்டுப் பேர் காத்திருப்பார்கள். பிறகு அந்த எட்டில் ஒருவருக்குப் பாத்ரூம் வரும்.

பெரும்பாலான இடங்கள் காலை 10:30, 11 மணி வாக்கில்தான் திறக்கும். திறந்தவுடன் முதல் ஒரு மணி நேரத்தைப் பெரிய பிள்ளைக்குக் கொடுங்கள். வேகமான ரைடுகளுக்கு வரிசை குறைவாக இருப்பது அப்போதுதான், அவள் வயிறும் அப்போது கனமாக இருக்காது. அதே நேரத்தில் சின்னவன் குழந்தைகள் பகுதியில் சின்ன ராட்டினம், குட்டி ரயில் என்று சுற்றட்டும். அங்கே நாள் முழுக்கவே வரிசை பெரிதாக இருக்காது என்பதால் அவசரமில்லை.

மதிய வெயில் தண்ணீருக்கு. பல பூங்காக்களில் நீர் விளையாட்டுகள் காலையிலிருந்தே இருக்காது. நண்பகல் வாக்கில் தொடங்கி 5 மணி சுமாருக்கு மூடிவிடுவார்கள். டிக்கெட் கவுன்ட்டரிலேயே நேரத்தைக் கேட்டுக்கொண்டால் நாள் தானாகவே மூன்று துண்டாகிவிடும்: காலை ரைடு, மதியம் தண்ணீர், மாலை மீண்டும் ரைடு. இதில் எல்லாரும் சேர்ந்திருக்க வேண்டியது தண்ணீரில்தான், மற்ற இரண்டிலும் பிரிந்தே இருக்கலாம்.

சின்னவன் வீட்டில் 1 மணிக்குத் தூங்குகிறவன் என்றால் இங்கேயும் 1 மணிக்குத் தூங்கட்டும். நிழலில் தள்ளுவண்டி, மேலே மெல்லிய துப்பட்டா, பக்கத்தில் ஒருவர். ஒரு நாள்தானே, தூங்காமல் இருக்கட்டும் என்று விட்டால் 4 மணிக்கு அவன் அழத் தொடங்கும்போது மற்ற இருவரின் மாலையும் அதோடு போய்விடும்.

இன்னொன்று. தண்ணீரில் இறங்கும்போது போன்கள் எல்லாம் லாக்கரில் கிடக்கும். “முடிச்சதும் கூப்பிடு” என்பது நடக்காது. பெரியவளின் கையில் தண்ணீர் புகாத ஒரு கைக்கடிகாரம் கட்டி, 3 மணிக்கு லாக்கர் வாசலில் என்று நேரத்தையும் இடத்தையும் பேசிக்கொள்ளுங்கள்.

நடுவில் இருக்கிற பிள்ளை மட்டும் எதிலும் ஒட்டாமல் நிற்கிறானே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் கொஞ்சம் பேர்தான். எல்லாரும் கேட்க வேண்டும் என்பேன். சின்னவனுக்குத் தனிப் பகுதி உண்டு, பெரியவளுக்குப் பேர் போன ரைடுகள் உண்டு. எட்டு, ஒன்பது வயதுக்காரனைக் குழந்தைகள் ரயிலில் உட்கார வைத்தால் மானம் போகிறது என்பான், ரோலர் கோஸ்டரில் உயரம் போதாது. நாள் முழுக்க யாராவது ஒருவருக்குக் காவலாகவே நின்றுகொண்டிருப்பான்.

அவனுக்கு மட்டுமான ஒரு மணி நேரத்தை முன்கூட்டியே ஒதுக்குங்கள். டேஷிங் கார், மரக்கட்டைப் படகில் ஏறிச் சரிந்து விழும் நீர்ச் சறுக்கு, ஜெயன்ட் வீல் எல்லாம் அவன் உயரத்துக்கு ஏற்றவை, அல்லது பெரியவர் கூட ஏறினால் விடுவார்கள். கூடப் போவது அப்பாவோ மாமாவோ, அவனுக்கு யாரைப் பிடிக்குமோ அவராக இருக்கட்டும். அந்த நேரத்தில் தம்பியைக் கொஞ்சம் பார்த்துக்கோ என்று அவனிடம் யாரும் சொல்லக் கூடாது. பூங்கா வரைபடத்தை அவன் கையில் கொடுத்து வழி சொல்லச் சொல்லிப் பாருங்கள், பெருமை தாங்காது.

தண்ணீரில் இறங்க என்ன உடை?

நைலான் அல்லது லைக்ரா. பருத்தி உடையோடு பெரும்பாலான குளங்களில் விடமாட்டார்கள். நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும், ஈரப் பருத்தி கனத்து உடம்பை இழுக்கவும் செய்யும். ஜீன்ஸ், புடவை, சுடிதார் துப்பட்டா எல்லாம் இதில் அடக்கம். உள்ளே வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ முடியும், ஆனால் விலை கூட இருக்கும், அளவும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. முழுக்கை நைலான் சட்டையும் முழு நீளக் கால்சட்டையும் தி.நகரில் சாதாரணமாகவே கிடைக்கின்றன. கூச்சப்படும் பெண்பிள்ளைக்கும் அம்மாவுக்கும் அது வசதி, வெயிலில் தோலும் கறுக்காது.

டயப்பர் போடும் குழந்தைக்கு நீச்சல் டயப்பர் தனியாக இருக்கிறது. சாதாரண டயப்பர் தண்ணீரை உறிஞ்சிப் பூரி மாதிரி உப்பி நிற்கும்.

காலுக்கு வார் வைத்த செருப்பு எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் காய்ந்த சிமென்ட் தரை குழந்தையின் உள்ளங்காலைச் சுட்டுவிடும்.

இடுப்பளவுத் தண்ணீர்தானே, என்ன பயம்?

உங்கள் இடுப்பளவு. மூன்று வயதுக் குழந்தைக்கு அது மூக்குக்கு மேலே.

நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது, கை அடித்துக் கூப்பிடாது. வாய் தண்ணீருக்குள் இருப்பதால் சத்தம் வர வழியே இல்லை. பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருப்பவருக்குக்கூடத் தெரியாமல் போகும். அதனால் சின்னக் குழந்தை எப்போதும் ஒருவரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள்: “அத்தை, இப்போ நீங்க பாத்துக்கோங்க.” எல்லாரும் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் ஒருவரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். கையில் மாட்டும் காற்றுப் பை விளையாட்டுப் பொருள், உயிர்காக்கும் கருவி இல்லை. லைஃப் ஜாக்கெட் கொடுத்தால் வாங்கிப் போடுங்கள்.

அலைக்குளத்தில் அலை கிளப்பும் முன் மணியோ சைரனோ அடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் சின்னப் பிள்ளைகளோடு கரையோரம் வந்துவிடுங்கள். எட்டு வயதுக்காரன் நீச்சல் வகுப்புக்குப் போகிறான் என்றாலும் இதில் விதிவிலக்கு வேண்டாம். வகுப்பில் அலையும் இல்லை, மேலே வந்து மோதும் கூட்டமும் இல்லை.

பயப்படுகிற பிள்ளையைக் கொஞ்சம் வற்புறுத்தி ஏற்றினால் பயம் தெளியுமா?

தெளியாது. அடுத்த வருஷம் ஜெயன்ட் வீலுக்கும் வரமாட்டான். அக்கா கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை. முதலில் கீழே நின்று இரண்டு சுற்று வேடிக்கை பார்க்கட்டும். ஏறுவதும் ஏறாததும் அவன் இஷ்டம்.

ரைடில் வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு என்ன செய்வது?

கண் ஒன்று சொல்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்று சொல்கிறது. அந்தக் குழப்பத்தில்தான் குமட்டல் வருகிறது. 2 வயதிலிருந்து 12 வயதுக்குள் இது அதிகம். காரில் மாமல்லபுரம் போகும்போதே வாந்தி எடுக்கும் பிள்ளை சுழலும் ரைடில் நிச்சயம் எடுக்கும். கோஸ்டரைவிடத் தட்டுபோல் சுழல்பவைதான் மோசம். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகட்டும், வெறும் வயிறும் வேண்டாம். இரண்டு இட்லி போதும், நெய் ரோஸ்ட் வேண்டாம். இஞ்சி மரப்பா வாயில் போட்டுக்கொள்ளலாம். மாத்திரை கொடுப்பதானால் குழந்தை மருத்துவரிடம் கேட்ட பிறகுதான். சில மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும், டிக்கெட் காசு தண்டம்.

புளியோதரை கட்டி எடுத்துப் போகலாமா?

உள்ளே விடமாட்டார்கள். பெரும்பாலான பூங்காக்களில் வெளி உணவுக்குத் தடை, வாயிலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். கைக்குழந்தை உணவு, பால் பாட்டில், மருந்து இவற்றுக்குப் பொதுவாக விலக்கு உண்டு. ஓஆர்எஸ் (உப்பு சர்க்கரைக் கரைசல் தூள்) பொட்டலம் நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள், அதை யாரும் தடுப்பதில்லை. வெயிலில் ஆடிய பிள்ளைக்குத் தண்ணீரோடு உப்பும் வேண்டும், குளிர்பானம் அதற்கு ஈடாகாது.

அப்படியும் புளியோதரை வேண்டும் என்றால் காரில் இருக்கட்டும். வெளியே போய்த் திரும்ப அனுமதி உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் காலை 10 மணிக்கே பார்க்கிங்கில் வைத்து எல்லாரும் சாப்பிட்டுவிட்டு உள்ளே போகலாம். பாட்டி கட்டிக் கொடுத்தது வீணாகவும் ஆகாது. உள்ளே மதியச் சாப்பாட்டை 12 மணிக்கோ 2:30-க்கோ வைத்துக்கொள்ளுங்கள், 1 மணிக்குத் தட்டைப் பிடிக்கவே இடம் இருக்காது.

பிள்ளை தொலைந்துவிட்டால்?

காலையில் வாயிலிலேயே எல்லாப் பிள்ளைகளையும் அன்றைய உடையில் ஒரு போட்டோ எடுங்கள். என்ன கலர் சட்டை என்று காவலர் கேட்டால் பதற்றத்தில் யாருக்கும் நினைவு வராது. சின்னவனின் முன்கையில் பால்பாயின்ட் பேனாவால் இரண்டு போன் எண்கள் எழுதுங்கள். தண்ணீரில் அழியும், அழிய அழிய மறுபடி எழுத வேண்டும். இரண்டு எண்களில் ஒன்று லாக்கரில் போன் வைக்காதவருடையதாக இருக்கட்டும்.

பேசத் தெரிந்த பிள்ளைக்கு: தேடிக்கொண்டு ஓடாதே, நின்ற இடத்தில் நில். சீருடை போட்ட ஊழியர், இல்லையென்றால் குழந்தையோடு இருக்கும் ஓர் அம்மா, இவர்களிடம் போய்ச் சொல். அப்பா பேர் என்ன என்று கேட்டால் “அப்பா” என்று சொல்கிற வயதில் முழுப்பெயரைச் சொல்லிப் பழக்கியிருக்க வேண்டும்.

வரிசையைத் தாண்டிப் போகும் ஃபாஸ்ட் டிராக் டிக்கெட் வாங்கலாமா?

அந்த வசதி இருக்கிற பூங்காவில், விடுமுறை நாளில், பெரிய பிள்ளைக்கும் அவளோடு போகும் ஒருவருக்கும் மட்டும். சின்னவனுக்கு வாங்குவது வீண். பொதுத் தேர்வு முடிந்த சமயத்தில் ஹால் டிக்கெட்டைக் காட்டினால் தள்ளுபடி என்று சில பூங்காக்கள் அறிவிப்பதுண்டு, வீட்டில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ இருந்தால் விசாரியுங்கள்.

தாத்தா பாட்டி வரலாமா? கர்ப்பிணி? மாதவிடாய் நாள் வந்துவிட்டால்?

தாத்தா பாட்டி தாராளமாக வரலாம், ஆனால் பையைக் காக்கும் ஆளாக மட்டும் அழைத்துப் போகாதீர்கள். ரைடில் ஏறாவிட்டாலும் முழு டிக்கெட்டா என்று கேளுங்கள், மூத்தோர் சலுகை சில இடங்களில் உண்டு. இதயக் கோளாறு, கழுத்து முதுகு வலி, அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள் வேகமான எதிலும் ஏறக் கூடாது. ரைடு வாசலில் எழுதியே வைத்திருப்பார்கள்.

பதின்மூன்று வயதுப் பெண்ணின் தேதியைப் பார்த்து டிக்கெட் எடுப்பது நல்லது. எதிர்பாராமல் வந்துவிட்டால் ரைடுகளில் ஏறத் தடையில்லை, தண்ணீர் வேண்டாம் என்று அவள் சொன்னால் காரணத்தை எல்லார் முன்னாலும் கேட்காமல் விடுங்கள். சித்தியோ அம்மாவோ ஒருவர் கூட இருந்து மாலை ரைடுகளை அவளுக்கென்று ஒதுக்கினால் போதும்.

எங்கள் வீட்டில் இரண்டு வயதும் நான்கு வயதும்தான். தீம் பார்க் தேவையா?

நேர்மையாகச் சொன்னால் தேவையில்லை. வண்டலூர் உயிரியல் பூங்காவில் பேட்டரி வண்டியில் சுற்றலாம். கிண்டி சிறுவர் பூங்காவும் உண்டு. இரண்டுக்கும் செவ்வாய் விடுமுறை. வடநெம்மேலி முதலைப் பண்ணை 1976-இல் தொடங்கியது, அங்கே திங்கள் விடுமுறை. ராட்டினம்தான் வேண்டும் என்றால் பொங்கலை ஒட்டித் தீவுத்திடலில் நடக்கும் பொருட்காட்சிக்கு ஒரு மாலை போய் வாருங்கள். நுழைவுச் சீட்டு போக, ஏறுகிற ரைடுக்கு மட்டும் காசு, டெல்லி அப்பளம் கூடுதல் லாபம்.

எப்படிப் போவது, எப்போது திரும்புவது?

கார் என்றால் ஈசிஆரில் உத்தண்டியில் சுங்கச்சாவடி உண்டு. ஈஞ்சம்பாக்கம் அதற்கு முன்னாலேயே வந்துவிடும், முட்டுக்காடு போகத்தான் அதைத் தாண்ட வேண்டும். ஓஎம்ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலை) நாவலூர் சுங்கம் 2024 ஜனவரியோடு நின்றுவிட்டது, ஆனால் மெட்ரோ வேலை நடப்பதால் மிச்சமான காசு நேரமாகப் போகும். திருச்சி, மதுரையிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் இறங்குவார்கள். இள்ளலூர்தான் திட்டம் என்றால் அவர்களை நகரத்துக்குள் வரவழைக்க வேண்டாம், வண்டலூர்-கேளம்பாக்கம் சாலை வழியாக நேராகத் திருப்போரூர் போய்விடலாம்.

ஞாயிறு மாலை 6 மணிக்குமேல் ஈசிஆரில் கடற்கரைக் கூட்டம், ரிசார்ட் கூட்டம், மாமல்லபுரம் போனவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஊர் திரும்புவார்கள். 5 மணிக்கே கிளம்பிவிடுங்கள், இல்லையென்றால் இரவுச் சாப்பாட்டை வழியிலேயே முடித்துக்கொண்டு 9 மணிக்குமேல் வண்டியை எடுங்கள். எதுவானாலும் பூங்காவை விட்டு வெளியே வரும்முன் மூன்று பிள்ளைகளையும் பாத்ரூமுக்குக் கூட்டிப் போய், உடையை மாற்றி, சின்னவனுக்கு இரவு உடையே போட்டுவிடுங்கள். திருவான்மியூர் வருவதற்குள் தூங்கிவிடுவான், வீட்டில் எழுப்பி மாற்றுகிற வேலை இருக்காது.